பெரிய பெல்ட் மெசினும் என் கணவரின் வலது கையும்

மண் அள்ளி நிரவும் எங்களுடைய பழைய லோடர் போன வசந்தத்தில் நின்றுபோனது. திருத்தி ஓட்டக்கூடிய நிற்பு அல்ல. திருத்த வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, இதில் இனிக் கை வைப்பதை விட வேறொன்றைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன நிற்பு.

என் கணவரும் என் தம்பியும் சேர்ந்து நிலம் நிரவும் வேலை செய்கிறார்கள். புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி, பாலர் பாடசாலை முற்றத்தில், தொடர்மாடிகளின் முன்னால் கிடக்கும் மண்ணை வெட்டிப் பரவி, மேலே புல்லோ கல்லோ பதிக்கும் நிலைக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை. முடித்த நிலம் பார்வைக்குச் சமதரையாக இருக்கும். ஆனால் உண்மையில் சமதரையாக இருந்துவிடக் கூடாது. மழைத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுவதற்கு, கண்ணுக்குப் பிடிபடாத ஒரு சரிவு அதற்குள் இருக்க வேண்டும். அந்தச் சரிவைப் போடுகிறவர் என் கணவர். லொறி, குழாய், கல் எல்லாம் தம்பியின் பொறுப்பு. நான் ஒரு தொடர்மாடி நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் இவர்களுடைய கடிதங்களையும் கணக்கையும் பார்க்கிறேன். இளவயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள். ஒரு சாமான் வாங்கினால் அதன் விளக்கப் புத்தகத்தை முழுவதும் வாசித்த பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். ஆகவே புதிய மெசினைத் தெரிவு செய்யும் பொறுப்பில் பாதி என் தலையில் வந்தது.

பழையது சில்லில் ஓடியது. இந்த முறை பெல்ட் மெசின் என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம். சில்லுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் அகலமான றப்பர் பெல்ட்டில் ஓடுகிற, முன்னால் வாளி பூட்டிய லோடரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். ஒஸ்லோவில் உறைந்த நிலம் இளகும் மாதங்களில் களிமண் கஞ்சி போலாகிவிடும். அதில் சில்லு புதையும். பெல்ட் தன் பாரத்தைப் பரப்பிக்கொண்டு மேலே நிற்கும். பிரச்சினை எந்த அளவு என்பதில் வந்தது. என் கணவர் அந்த வகையிலேயே மிகப் பெரியதை வாங்க வேண்டும் என்றார். தம்பி நடுத்தரமானது போதும் என்றான்.

நகரின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில் பெரிய மெசினின் படத்தை விரித்தபோது தம்பி நாற்காலியைப் பின்னால் இழுத்தான்.

"அத்தான், இது லோடரோ கப்பலோ? ஹொல்ம்லியாவிலை எந்த வீட்டுப் படலைக்குள்ளாலை இதைக் கொண்டு போறது?"

"படலையைக் கழட்டலாம்."

"படலையைக் கழட்டிப்போட்டு, வீட்டையும் ஒரு கரையாத் தள்ளி வைக்கச் சொல்லுவமே?"

"நீ வாயாலையே நிரவிப்போடுவாய். உனக்கு மெசினே தேவையில்லை."

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். என் கணவர் சிரிக்காமல் படத்தைத் தன் பக்கம் திருப்பி, பெல்ட் நிலத்தில் படும் நீளத்தை விரலால் அளந்து காட்டினார். நீளமான பெல்ட் சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் குனிந்து நிமிராமல் அவற்றின் மேலால் போகும், அதனால் வாளியின் விளிம்பும் ஆடாது என்றார். பாரம் கூடினால் அதிர்வு குறையும். முன்னால் வாளியைக் கழற்றிவிட்டு, லேசர் கதிரைப் பார்த்துத் தன் உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் நிரவல் தகடு ஒன்றைப் பூட்டலாம். கதவு மூடிய, இருக்கை குலுங்காமல் மிதக்கிற ஓட்டுநர் அறை. ஒவ்வொன்றும் உண்மை. இருந்தும் அவர் இவ்வளவு கதைத்ததுதான் எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு குளிர்பெட்டி வாங்குவதென்றாலும் "உமக்குப் பிடிச்சதை எடும்" என்பதோடு அவர் கதை முடிந்துவிடும்.

நான் வழக்கம்போல் வாசிக்கத் தொடங்கினேன். வாளியை நேரே மேலே தூக்கும் கைகள் லொறி நிரப்புவதற்கு நல்லவை. வில்லாக வளைந்து தூக்கும் கைகள் நிலம் நிரவுவதற்கு நல்லவை. ஆழமான பல் உள்ள பெல்ட் சேற்றில் பிடிக்கும், ஆனால் முடித்த நிலத்தில் திரும்பும்போது கிழித்துவிடும். பாரம் கூடிய மெசின் நேராக ஓடும், ஆனால் இழுத்துக்கொண்டு போக வேறு டிரெய்லர் வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு நிரலாக எழுதினேன். எழுதி முடித்தபோது இரண்டு நிரலும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நின்றன. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

நகருக்கு வடக்கே மெசின்கள் விற்கும் ஒரு இடத்தில், பின்பக்கம் வெறும் மண் வளவு இருந்தது. வெயில் அடித்த சனிக்கிழமை. தாடி வைத்த விற்பனையாளர் இரண்டு மெசின்களை வெளியே நிறுத்தியிருந்தார். ஒன்று நடுத்தர அளவு, ஏற்கெனவே ஒருவர் பாவித்தது, இரும்புப் பிடிகளைத் தள்ளி இழுத்து ஓட்டும் பழைய முறை. மற்றது பெரியது, புதியது. அதன் இருக்கையின் இரு பக்கமும் தேக்கரண்டிக் காம்பு அளவில் இரண்டு சின்னப் பிடிகள். விரல் பட்டாலே அசையும்.

என் கணவர் முதலில் நடுத்தர மெசினில் ஏறினார். அது உறுமியது, குலுங்கியது; கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கன்னச் சதை நடுங்குவது எனக்கு வெளியே நின்றே தெரிந்தது. ஆனால் அவர் தோளால் பிடியைத் தள்ளி வாளியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தபோது, மண் பாய் விரித்ததுபோல் கிடந்தது. விற்பனையாளர் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கினார்.

பிறகு பெரியதில் ஏறினார். மெசின் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் இறங்கி வரும்முன் நானும் தம்பியும் விற்பனையாளரும் நிலத்தைப் பார்த்தோம். ஒரு அடி தூரத்துக்கு மேடு, அடுத்த அடிக்குப் பள்ளம், திரும்பவும் மேடு.

"அத்தான், அலை எழும்பியிருக்கு. வள்ளம் விடுவமே?" என்றான் தம்பி.

"புது மெசின். பழக வேணும்."

விற்பனையாளர் திரையைத் தட்டி, பிடியின் துடிப்பைக் குறைத்துவிட்டார். பெரிய மெசினுக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் இப்படித்தான், இப்போது கை அசைவுக்கு அது மெதுவாகத்தான் பதில் சொல்லும் என்றார். என் கணவர் மறுபடியும் ஓட்டினார். அலை நீளமாகியது, குறையவில்லை. மூன்றாவது முறை நான் மண்ணைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். அவர் வாளியின் விளிம்பைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியவர். ஆனால் கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். அது பிடியின் மேல் இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார். வாளி மண்ணில் தொடுவது தன் உள்ளங்கையில் தெரியும் என்று எனக்குச் சொன்ன மனிதர் அவர்.

திரும்பி வரும்போது தம்பி தன் காரில் போய்விட்டான். எங்கள் காரை நான் ஓட்டினேன். சூடாக இருந்ததால் இரண்டு கண்ணாடியையும் இறக்கியிருந்தோம்.

"என்னப்பா, பெரியது சரிவரேல்லைப் போலை?" என்றேன்.

"கை விறைச்சுப் போச்சு. அதுதான்."

நான் ஓம் என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வட்டச் சந்தியில் திரும்பும்போதுதான் அந்த வார்த்தை எனக்குக் கேட்டது.

இந்த ஊரில் எங்கள் வீடுகளில் ஒக்டோபர் தொடங்கினால் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. பஸ்ஸுக்கு நின்று வந்தவர் சொல்வார், பனி தள்ளி வந்தவர் சொல்வார். கை விறைக்குது என்றால் தேநீர் போடுவோம், வெந்நீர் பிடிப்போம், தடித்த கையுறை வாங்கிக் கொடுப்போம். அவர் சொன்னபோதெல்லாம் நானும் அதைத்தான் செய்தேன். உள்ளே கம்பளி வைத்த கையுறை, பிறகு மின்கலத்தில் சூடாகும் கையுறை. குளிரால் விறைப்பதற்கும் உணர்ச்சி போய் விறைப்பதற்கும் நோர்வே மொழியில் இரண்டு சொல் உண்டு. வேலையிடத்தில் அவர் இரண்டாவது சொல்லைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். வீட்டில் எங்களிடம் இருந்தது ஒரே சொல். அதன் மேல் குளிர்காலம் வந்து இருந்துகொண்டது.

வீட்டு வாசலில் அவர் திறப்பைத் தேடினார். சட்டைப்பைக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அள்ளி வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துத் திறப்பைப் பொறுக்கினார். இதையும் நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அவசரப்படாத மனிதர் என்று நினைத்திருந்தேன்.

தேநீரை மேசையில் வைத்துவிட்டு எதிரில் இருந்தேன்.

"வெளியிலை பிள்ளையள் அரைக் காற்சட்டையோடை விளையாடுதுகள். உங்களுக்கு மட்டும் என்னெண்டு விறைக்குது?"

அவர் வலது கையை மேசையில் விரித்து வைத்தார், அடகு வைக்கிற பொருளைப்போல.

"சுடுறது தெரியும். குத்தினாலும் தெரியும். எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கிறன் எண்டதுதான் தெரியேல்லை."

"எப்ப தொடக்கம்?"

"தெரியாது. குளிரெண்டுதான் நானும் நினைச்சனான். போன கோடையிலைதான் யோசிச்சன்."

"போன கோடையோ? ஒரு வருசமா எனக்குச் சொல்லேல்லை."

"சொன்னா நீர் டொக்டரிட்டைக் கொண்டு போவீர். அவர் முதல் வேலையா என்னை மெசினாலை இறக்குவார். பிறகு வேலை எடுத்துக் குடுக்கிற ஒரு கந்தோரிலை இருத்தி, உமக்கு வேறை என்ன தெரியும் எண்டு கேப்பினம். எனக்கு வேறை என்ன தெரியும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்பதுபோல் இருந்தது. கல்லுடைக்கும் மெசினையும் மண்ணை இடித்து இறுக்கும் மெசினையும் பிடித்தே இளமையைக் கழித்தவர். பிறகு அந்தப் பழைய லோடரின் நடுங்கும் பிடிகள். அதிர்வுதான் விரல்களின் நரம்பைத் தின்றிருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அதற்காகத்தான் பெரிய மெசின். அது அதிராது, பாரத்தில் தானே நேராகப் போகும், தகடு உயரத்தைத் தானே பிடிக்கும், கைக்கு மிச்சம் வேலை இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தார்.

"ஆனா பிடி அவ்வளவு லேசா இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை," என்றார். "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கு. பிடிச்சிருக்கிறனோ விட்டிட்டனோ எண்டு தெரியேல்லை."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. இரும்புப் பிடி உள்ள நடுத்தர மெசினை அவர் தோளாலும் முழங்கையாலும் உணர்ந்து ஓட்டலாம், அழகாக ஓட்டினார். ஆனால் கையைக் கெடுத்த குலுக்கல் அதுதான், மிச்சம் இருக்கும் உணர்ச்சியையும் அது எடுத்துவிடும். கையைக் காப்பாற்றக்கூடியது பெரிய மெசின்; அந்தக் கையால் அதை ஓட்ட முடியாது. என் இரண்டு நிரல்களிலும் இதற்கு இடம் இருக்கவில்லை. எதைச் சொன்னாலும் அவருக்கு எதிராகச் சொன்னதாகத்தான் முடியும்.

"தம்பிக்கு இப்ப சொல்லாதையும்," என்றார். "அவன் பயந்திடுவான்."

அடுத்த நாள் தம்பி தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, நீங்கள் எல்லாம் எழுதி வைச்சிருப்பியள். எது சரி?"

"ரெண்டிலையும் குறை இருக்கு."

"இதை நான் ஒண்டும் வாசிக்காமலே சொல்லியிருப்பன். எது எண்டு சொல்லுங்கோ."

"இன்னொருக்காப் போய் ஓடிப் பாருங்கோ," என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் நான் வழி தேடினேன். பிடிக்கு மேலே தடித்த உறை போடலாமா, இடது கையால் வாளியையும் வலது கையால் ஓட்டத்தையும் பிடிக்கும்படி மாற்றலாமா என்று விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டேன். முறையை மாற்றலாம், ஆனால் இரண்டு பிடியும் ஒரே லேசுதான் என்று மரியாதையாகப் பதில் எழுதினார். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன், கேட்காதது நல்லது என்றும் நினைத்தேன். வைத்தியருக்கு நேரம் எடுத்து வைத்தேன். அதை என் கணவரிடம் சொன்னபோது, மெசின் விசயம் முடியட்டும் என்றார்.

மறுபடியும் வளவுக்குப் போனோம். இந்த முறை மூவரும் எங்கள் காரில். என் கணவர் நேரே பெரிய மெசினிடம் போனார், படியில் கால் வைத்தார். பிறகு காலை எடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"நீ ஏறு."

"நானோ? நான் லொறிக்காரன், அத்தான்."

"நெடுகப் பிள்ளையளோடை இருந்து ரீவியிலை கார் ஓடி விளையாடுறாய். அது மாதிரித்தான். ஏறு."

தம்பி ஏறினான். முதல் முறை கொஞ்சம் தடுமாறினான். இரண்டாவது முறை விரல் நுனியால், சோற்றில் கல் பார்க்கிறவன் மாதிரி, பிடியைத் தொட்டு ஓட்டினான். நிலம் மேசை விரிப்புப்போல் வந்தது. அவனுக்கே நம்ப முடியவில்லை. கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினான்.

"அத்தான், எப்பிடி?"

என் கணவர் நிலத்தைப் பார்த்தார். முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"நல்ல வழுவழுப்பா இருக்கு. வீடு இந்தப் பக்கம் எண்டு வை. தண்ணி முழுக்க வீட்டுக்குள்ளை வந்து நிக்கும்."

"ஐயோ, சரிவு மாறிப்போச்சே?"

"மாறேல்லை. நீ போடவே இல்லை. திரும்ப வா, நான் சொல்லுறன்."

அவர் மெசினுக்குப் பக்கமாக நடந்தார். நடந்துகொண்டே கையைக் கொஞ்சம் தாழ்த்தினார், உயர்த்தினார், உள்ளங்கையைக் கவிழ்த்து நிறுத்தச் சொன்னார். தூரத்தில் நின்று பார்க்க அந்தக் கையில் ஒரு குறையும் தெரியவில்லை. தம்பி அவரைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். முடிந்ததும் விற்பனையாளர் ஒரு வாளித் தண்ணீரை மேல் நுனியில் ஊற்றினார். அது எங்கேயும் தேங்காமல், சோம்பலாக, போக வேண்டிய பக்கம் போனது.

"இதை எடுப்பம்," என்றார் என் கணவர்.

விற்பனையாளர் ஏறி, திரையில் எதையோ திறந்தார். இந்த மெசின் ஓட்டுநரின் கைக்கு ஏற்ற துடிப்பை அவர் பெயரிலேயே நினைவில் வைத்துக்கொள்ளும், யார் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டார்.

கேள்வி சாதாரணமான கேள்வி. விற்பனையாளர் திரையின் மேல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் என் கணவரைப் பார்க்காமல் பெல்ட்டின் பற்களைப் பார்த்தேன். ஆழமில்லாத, நிலத்தைக் கிழிக்காத வகை.

"இவர்," என்று என் கணவர் தம்பியைக் காட்டினார்.

"உங்கடையையும் போடச் சொல்லுங்கோ அத்தான். எத்தினை பேரையும் போடலாமாம்."

"ஒரு பேர் காணும்."

தன் வீடு இருக்கும் ஹொல்ம்லியா வரும் வரைக்கும் தம்பி பின் இருக்கையில் இருந்து கதைத்துக்கொண்டே வந்தான். டிரெய்லர் எது, தகடு எப்போது வரும், முதல் வேலை எது. என் கணவர் ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பஸ் தரிப்பில் நான் காரை நிறுத்தினேன். தம்பி இறங்கினான், கதவைச் சாத்தாமல் என் கணவர் பக்கத்துக் கண்ணாடியடியில் குனிந்தான்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஏன் உங்கடை பேரைப் போடேல்லை?"

நான் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"எனக்குக் கை சரியில்லை மச்சான்," என்றார் அவர். "இனி உதிலை நான் ஏற மாட்டன்."

தம்பி சிரிக்கத் தொடங்கினான்; பகிடி என்று நினைத்திருப்பான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"எவ்வளவு நாளைக்கு?"

"அது டொக்டர் சொல்லட்டும். திரும்பி வராது எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப நான் தனிய என்னெண்டு? எனக்குச் சரிவு தெரியாதே அத்தான். இண்டைக்கும் நீங்கள் கையைக் காட்டினபடியாத்தானே வந்தது."

"நான் பக்கத்திலை நிப்பன்தானே."

"நெடுகவோ?"

என் கணவர் வலது கையை மடியில் எடுத்து வைத்தார். நெடுக என்றால் எவ்வளவு, ஒருநாள் வைத்தியர் வெளி வேலையே வேண்டாம் என்றால் என்ன, ஒரு மெசினுக்கு இரண்டு ஆள் என்றால் அந்த வேலை தாங்குமா என்று எனக்குள்ளே கேள்விகள் ஒன்றின் பின் ஒன்றாக, ஒழுங்காக வந்து நின்றன. தம்பி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் ஒன்று வந்து எங்களுக்குப் பின்னால், ஹோர்ன் அடிக்காமல், காத்து நின்றது.

"கதவைச் சாத்து தம்பி," என்றேன். "பஸ் நிக்குது."

அவன் மெதுவாகச் சாத்தினான். சரியாகச் சாத்தப்படவில்லை என்று காருக்குள் என் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அதோடேயே காரை எடுத்தேன்.